கொழுந்து லொறியும் ஒரு சுற்றறிக்கையும்

1

நடமாட முடியாத, அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குக் கொரோனாத் தடுப்பூசியை அவர் இருக்கும் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். அவர் தடுப்பூசி நிலையத்துக்கு வரத் தேவையில்லை. குடும்பத்தார் கிராம சேவகரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கிராம சேவகர் அந்தப் பெயரைத் தனிப் பட்டியலில் சேர்த்துச் சுகாதாரப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து நடமாடும் குழு ஒன்று வரும்.

நடைமுறை இவ்வளவுதான். நான் முப்பத்துநான்கு வருடம் பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்டக் காரியாலயத்தில், சுற்றறிக்கைகளுக்கு நடுவே வாழ்ந்தவன். ஒரு வாக்கியத்தில் கொடுத்ததை அடுத்த வாக்கியத்தில் பறித்துக்கொள்ளும் சுற்றறிக்கைகளையே அதிகம் வாசித்திருக்கிறேன். இது அப்படியில்லை. தெளிவானது, இரக்கமுள்ளது. எழுதியவர் யாராக இருந்தாலும் நல்ல மனிதர்.

இதை நம்பி என் தங்கையின் கணவர் ராமையா, அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனும் வரிசை வீட்டின் ஓர் அறையில், இருபத்தாறு நாள் கட்டிலில் காத்திருந்தார். இருபத்தேழாம் நாள் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

என் தங்கை பாக்கியம் இன்றுவரை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. என்னோடு பேசுவதுமில்லை. அவளுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு எட்டு வாரமாகப் பதில் இல்லை. ஊரில் உள்ளவர்களுக்காக இங்கிருந்து எதையாவது எழுது என்று நண்பர்கள் கேட்டபோது பனியைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் போகிறது.

2

நான் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில், மகள் சுதாவின் வீட்டில். மனைவி போன பிறகு அவள் கூப்பிட்டாள், வந்தேன். வேலை என்று ஒன்றும் இல்லை. காலையில் நடை, பிறகு மருந்துக் கடை, பிறகு பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம்.

இந்த மாதத்தின் முதல் வாரத்தில் மருந்துக் கடைக்குப் போனேன். தரையில் ஒரு பெண் முழங்காலிட்டு, ஒரு தகட்டால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். பார்த்தால், இரண்டு வருடமாக அங்கே ஒட்டியிருந்த காலடி அடையாளங்கள். ஆறடிக்கு ஒன்றாக, இங்கே நில், இங்கே நில் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த மஞ்சள் பாதங்கள். பாதி சுரண்டிவிட்டாள். மீதிப் பாதியில் குதிகால் மட்டும் இருந்தது.

எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. முகக்கவசத்துக்கு மேலே மூக்கைக் காற்றாட விட்டிருந்த ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், முன்னால் நின்றவர், திரும்பிச் சிரித்தார்.

"ஐயா, தள்ளி நிக்கிற காலம் போட்டுது. கிட்ட வாங்கோ. எல்லாம் பழையபடி வந்திட்டுது."

நான் ஒரு அடி முன்னே வைத்தேன்.

"ஊரில எவடம்?"

"பதுளை."

"பதுளையோ? அது சிங்கள ஊர் எல்லோ?"

இந்தக் கேள்வியை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு வைக்கவில்லை. "ஆமாங்க. நாங்க தேயிலைச் செடிக்கு அடியில இருப்போம். மேல இருந்து பார்த்தா தெரியாது" என்றேன். அவர் பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மூன்று ஊசி போட்டவன் நான்.

வீட்டுக்கு வந்து சுதாவிடம் சொன்னேன். "எல்லாம் நோர்மல் ஆகிடுச்சிப்பா. நீங்கதான் இன்னும் ஆகல" என்றாள்.

நோர்மல். கச்சேரித் தமிழில் இதற்கு 'வழமை நிலை' என்று பெயர். வெள்ளமோ மண்சரிவோ வேலைநிறுத்தமோ, எது வந்து போனாலும் கடைசியில் கொழும்புக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். அதன் கடைசி வாக்கியம்: 'நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது.' அந்த வாக்கியத்தை என் கையால் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில், மலை இறங்கும் என்று பயந்து பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த நாற்பது குடும்பங்களைப் பற்றியும் எழுதினேன். பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. ஆகவே நிலைமை வழமைக்குத் திரும்பியது. மேலே ஏறிப் போய் அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நடைமுறையில் இல்லை.

மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் மலைப்பக்கத்தில் ஐப்பசி மழைக்கு யாரும் முழுத் தூக்கம் தூங்குவதில்லை. அதுவும் ஒரு வழமை நிலைதான்.

3

பாக்கியம் எனக்குப் பத்து வயது இளையவள். ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தோளில் போட்டவள். நான் படித்தேன். படித்ததற்கான விலையாக எங்கள் டிவிசனில், தோட்டத்தின் அந்தப் பிரிவில், எல்லாருடைய விண்ணப்பங்களையும் ஆயுள் முழுவதும் நிரப்பிக்கொடுத்தேன். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பாஸ்போர்ட், மரணப் பதிவு, எதுவாக இருந்தாலும் "கச்சேரி அண்ணன்கிட்ட கேளு" என்பார்கள். கனடாவுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே மாலை ஐந்தரை, பாக்கியத்திடமிருந்து ஒரு மிஸ்ட் கோல் வரும். நான் திரும்ப எடுப்பேன். முதல் ஐந்து நிமிடம் நலம். பிறகு யாராவது ஒருவர் தன் கடதாசியோடு பக்கத்தில் காத்திருப்பார்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், ஒரு புதன்கிழமை, மிஸ்ட் கோல் வந்தது. ஞாயிறு அல்லாத நாளில் வந்தால் நேரம் பாராமல் உடனே எடுப்பேன்.

"அண்ணே, நாளைக்கிப் பெரட்டுக் களத்துல வந்து நிக்கச் சொல்லிட்டாங்க. எல்லாரையும் கொழுந்து லொறியில ஏத்திக் கீழ இஸ்கூலுக்குக் கொண்டுபோறாங்களாம். ஊசி."

"எல்லாரையும்னா?"

"வேல செய்றவங்க, வூட்டுல உள்ள கெழடு கட்ட, எல்லாந்தான். இவரையும் தூக்கி ஏத்திறலாம்னு தலைவர் சொல்றாரு. நாலு பேரு புடிச்சாப் போதுமாம்."

தலைவர் என்றால் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். 'இவர்' ராமையா. நாற்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைத் தூளோ புகையோ, எதுவோ ஒன்று நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு வருடமாக வாசற்படி இறங்கினாலே மூச்சு வாங்கும்.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "மச்சான்கிட்டக் கேளு, என்னையச் சாக்குல போட்டு நிறுப்பாங்களா, சும்மாவே ஏத்துவாங்களான்னு."

"சும்மா கெடங்க" என்றாள் பாக்கியம். சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நல்ல கோபம் என்று இன்றும் நினைக்கிறேன்.

காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடம் பெரட்டுக் களம். என் அப்பா அங்கே நின்றார், அவருடைய அப்பாவும் நின்றார். எங்கள் ஆட்களுக்குப் பிறப்பும் இறப்பும் அரிசியும் கடிதமும் தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் வந்தன. நாட்டில் மற்ற எல்லாருக்கும் ஒரு கிராம சேவகர் இருந்தார். எங்களுக்கு ஒரு துரை இருந்தார். நான் கச்சேரியில் செய்த ஒரே உருப்படியான வேலை, எங்கள் ஆட்களைப் பிடித்து, ஒபிஸ் வாசலுக்குப் போகாதே, கிராம சேவகரிடம் போ, நீ இந்த நாட்டுப் பிரஜை, வரிசையில் நின்று உன் பெயரைச் சொல் என்று பழக்கியதுதான். இப்போது ஊசியையும் பெரட்டில் வைத்துப் போடுகிறார்களாம். கொழுந்து ஏற்றும் லொறியில் கிழவர்களை ஏற்றுகிறார்களாம்.

"ஏறாதீங்க" என்றேன். "மாப்பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து போடணும். சட்டம் இருக்கு. கிராம சேவகர்கிட்ட எழுதிக் குடு. நான் இப்பவே சொல்றேன், எழுதிக்கோ."

"வருவாங்களா அண்ணே?"

"வரணும். அவங்க கடமை அது."

"எல்லாரும் போறாங்களே."

"எல்லாரும் போறாங்கன்னு நாமளும் போகணுமா? நாம என்ன மூட்டையா? அந்தக் கூட்டத்துல, லொறிக்குள்ள, அவருக்கு இருக்கிற மூச்சும் போயிரும்."

அவள் சொன்னாள்: "சரிண்ணே. நீங்க சொன்னாச் சரிதான். அப்ப எனக்கும் அன்னிக்கே போடட்டும். இவர விட்டுட்டு நான் மட்டும் போயி என்னா செய்ய."

கடிதத்தை வரி வரியாகச் சொன்னேன். அவள் எழுதினாள். நல்ல கடிதம். எதுவும் விடுபடவில்லை.

4

அவர்கள் வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் பாக்கியம் ஏதாவது ஒரு காரணத்தை அவர்களுக்காகச் சொன்னாள். மழை. ரோட்டுப் பாலத்தில் கல் விழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் வேறு டிவிசனில் போடுகிறார்களாம். ராமையா வாசல் பக்கம் தலை வைத்துப் படுக்கத் தொடங்கினார், குழு வந்தால் முதலில் பார்ப்பதற்கு. "மச்சான், நான் தலையச் சீவி வச்சிருக்கேன்" என்றார் ஒரு நாள். "பொண்ணு பாக்க வர்ற மாதிரி."

இருபத்தேழாம் நாள் காய்ச்சல். யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். நாலு நாளில் மூச்சு கட்டியது. அம்புலன்ஸ் பாலம் வரைக்கும்தான் வந்தது. மேலே ஏறாது.

அதைச் சொன்னவள் செல்வி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். பாக்கியத்தின் பக்கத்து வீடு. நல்ல போன் வைத்திருப்பவள் அவள்தான்.

"ஐயா, போர்வையில வச்சித் தூக்கினோம். பாலம் வரைக்கும் நடந்து கொண்டுபோக முடியாதுன்னு தலைவர் லொறியக் கூப்புட்டாரு."

"எந்த லொறி?"

"நம்ம கொழுந்து லொறிதான் ஐயா. வேற என்னா லொறி இருக்கு."

கடைசியில் அதில்தான் போனார்.

பெட்டியைத் திறக்க அனுமதியில்லை. எங்கள் தோட்டத்தில் இறந்தவர்களைப் புதைப்பது வழக்கம். தேயிலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு சரிவு இருக்கிறது. என் அப்பா அம்மா அங்கேதான். ராமையாவைப் பதுளையில் எரித்தார்கள். விளக்கு வைக்க ஒரு மண்மேடு கூட இல்லை என்பதை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, கணினித் திரையில், ஒரு நடைமுறைத் தகவலாக அறிந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் முடிந்த ஞாயிறு மிஸ்ட் கோல் வந்தது. பாய்ந்து எடுத்தேன். பாக்கியம் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வந்தாங்களாண்ணே?"

"யாரு?"

"ஊசி போடுறவங்க."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் போன் அடிக்கவில்லை.

5

எனக்குத் தெரிந்த ஒரே துக்கம் கடிதம் எழுதுவது. எழுதினேன். மூன்று காரியாலயங்களுக்கு மின்னஞ்சல், பிரதிகளுடன், இணைப்புகளுடன். நடமாடும் குழு ஏன் போகவில்லை? என் தங்கைக்காவது எப்போது போகும்? ஒருவர் மட்டும், பெயர் வேண்டாம், ஒரு வரி அனுப்பினார்: 'தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றது.' அந்த வரியையும் நான் வாழ்நாளில் நிறையப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிறகு தோட்டத்து ஒபிஸ் கிளார்க்குக்கே போன் எடுத்தேன். அவனுடைய அப்பாவின் பென்ஷன் கடதாசியை நிரப்பிக்கொடுத்தவன் நான். மரியாதையாகத்தான் பேசினான்.

"ஐயா, ராமையாத் தாத்தாவக் கூப்புட்டோம், வரல. பாரத்துல ரெண்டே எடந்தான் ஐயா. வந்தாரு, வரல. நான் வரலன்னு போட்டேன்."

"நடக்க முடியாதவங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கணுமே. கிராம சேவகர் எடுக்கணுமே."

"எடுக்கணும். அவருக்கு நாலு மலை ஐயா, ஒரு சைக்கிள். எங்க லிஸ்டத்தான் வாங்கிட்டுப் போனாரு."

"என் தங்கச்சி எழுதிக் குடுத்த கடிதம்?"

"அத லிஸ்டோட சேத்துக் குத்தித்தான் இருந்திச்சி. ஆனா வரலன்னு போட்ட பேர யாரு ஐயா திரும்பப் பாக்குறது? லொறியில ஏறி வந்த நடக்க முடியாதவங்க ஆறு பேருக்கு, கீழ இஸ்கூல் வாசல்லயே, லொறிக்குள்ள ஏறி வந்து போட்டாங்க. டொக்டர் அம்மா ரொம்ப நல்லவங்க." பிறகு சொன்னான்: "ஐயாவுக்குத் தெரியாததா."

தெரியும். அதுதான் விஷயம். அழைக்கப்பட்டும் வராதவர் என்று ஒருவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்டால் அந்தக் கோப்பு மூடிக்கொள்ளும். அவர் ஏன் வரவில்லை என்று கேட்கும் கட்டம் எந்தப் பாரத்திலும் இல்லை. நானே எத்தனை பாரங்களில் அந்தக் கட்டத்தை வைக்காமல் விட்டேன். லொறியில் ஏறாதே என்று நான் சொன்னதுதான் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்தது. பிரஜையாக ஊசி போட்டுக்கொள் என்றேன். அவர் பிரஜையாகவும் இல்லாமல் தோட்டத்து ஆளாகவும் இல்லாமல், ஒரு பேனாக் குறியாக ஆனார்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. கிளார்க் இல்லை, சைக்கிள்காரக் கிராம சேவகர் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். கடைசியில் மிஞ்சுவது நான்தான்.

6

கார்த்திகையில் பாக்கியத்தின் டிவிசனுக்கு மறுபடி ஊசி வந்தது. செல்வி சொன்னாள். அவள் பாக்கியத்தைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா வர மாட்டேங்குது ஐயா. 'அவருக்கு வராதது எனக்கு எதுக்கு'ங்குது. 'வூட்டுக்கு வந்து போடுவாங்கன்னு எங்கண்ணன் சொல்லியிருக்காரு, வரட்டும்'ங்குது."

"கோபமாச் சொல்லிச்சா?"

"கோவமா சொன்னாப் பரவால்ல ஐயா. சும்மா, மழை பெய்யும்ங்கிற மாதிரி சொல்லுது."

அந்த நாளிலிருந்து எனக்குத் தொடங்கிய பயத்துக்கு இன்னும் முடிவு இல்லை. மற்றவர்களின் பயம் குறையக் குறைய என்னுடையது கூடுகிறது. இங்கே மார்கழியில் எனக்கு மூன்றாவது ஊசி போட்டார்கள். வரிசையில்லை, நாற்காலி கொடுத்தார்கள், எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு நாள் தோள் வலித்தது. அந்த வலியைத் தடவிக்கொண்டு, பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஓர் அறையில், ஒரு ஊசியும் இல்லாமல் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவளை நினைத்தேன்.

செல்வி அனுப்பும் குரல் பதிவுகளில் பின்னால் யாராவது இருமினால் நிறுத்திவிட்டு மறுபடி கேட்பேன். மூன்று தடவை, நான்கு தடவை. அது பாக்கியமா, பக்கத்துப் பிள்ளையா? ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அது எங்க வூட்டுக் கோழி ஐயா" என்றாள்.

பேத்தி மாயாவுக்கு ஒன்பது வயது. நாளுக்கு எத்தனையோ தடவை கை கழுவி விரல் மடிப்புகள் வெடித்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இனி அவ்வளவு கழுவ வேண்டியதில்லை என்று சொல்லியும் நிறுத்தவில்லை. அவளுக்குப் பாக்கியம் 'போன் பாட்டி'. நேரில் பார்த்ததில்லை. ஞாயிறு காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அரைத் தமிழில் இரண்டு வார்த்தை பேசுவாள், அவ்வளவுதான் உறவு. ஒரு நாள் கேட்டாள்:

"தாத்தா, போன் பாட்டிக்குச் சார்ஜ் இல்லையா?"

"ஏன்?"

"வர்றதே இல்ல."

"இருக்கு. தாத்தாகிட்டதான் இல்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. போய்க் கை கழுவினாள்.

7

தைப் பொங்கல் கழிந்த வாரம் பாக்கியத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கான கடிதம் எழுதிய கை. முதல் பிரதியைச் சுதா எடுத்து வாசித்தாள். 'நடந்த சம்பவங்களின் பின்னணி யாதெனில்' என்று தொடங்கி, சுற்றறிக்கை, பட்டியல், பாரத்தின் குறைபாடு எல்லாம் வரிசையாக இருந்தன.

"அப்பா, இது அத்தைக்குக் கடிதமா, இல்ல ஒங்க மேல விசாரணை வச்சாக் குடுக்கிற விளக்கமா?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்."

"எல்லாம் உண்மைதான். நீங்க எங்க இருக்கீங்க இதுல?"

கிழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

'பாக்கியம், லொறியில போகாதீங்கன்னு சொன்னது நான். சட்டம் சொல்லல. சட்டத்துல லொறியப் பத்தி ஒன்னுமே இல்ல. எனக்கு அந்த லொறியப் பிடிக்கல, அதான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. மாப்பிள்ளை ஏறியிருந்தா வாசல்லயே போட்டிருப்பாங்க. நீ எங்கூடப் பேச வேணாம். ஊசி மட்டும் போட்டுக்கோ. யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்க. அண்ணன்.'

பதிவுத் தபாலில் அனுப்பினேன், தொடர்ந்து பார்க்கக்கூடிய இலக்கத்தோடு. பழக்கம் விடவில்லை. கொழும்பு வந்தது, பதுளை வந்தது, ஐந்தாம் வாரம் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று காட்டியது. யாரிடம் சேர்ப்பித்தார்கள்? தோட்டத்தில் தபால் ஒபிஸுக்குத்தான் வரும். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நான் வாழ்நாள் முழுவதும் எதிலிருந்து அவளை விலக்கப் பார்த்தேனோ, என் மன்னிப்பு அந்தக் களத்தில் போய் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறது. பென்ஷன் எடுத்தவள் பெரட்டுக்கு எதற்குப் போகிறாள்? யாராவது வாங்கி வைத்தார்களா? கிழிந்ததா? நனைந்ததா? செல்வியிடம் கேட்கத் தைரியம் இல்லை. கிடைத்தது, வாசித்துவிட்டு அடுப்பில் போட்டாள் என்று சொல்லிவிட்டால்?

இதற்கிடையில் ஊர்ச் செய்திகள். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, டீசலுக்கு வரிசை, பகலிலும் மின்வெட்டு. தள்ளி நில் என்று சொன்ன நாட்டில் இப்போது ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு விடிய விடிய நிற்கிறார்கள். நோயைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. தடுப்பூசி எல்லாருக்கும் போட்டாயிற்று, நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது என்று எங்கோ ஒரு மேசையில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். அவர் எழுதும்போது எங்கள் தோட்டத்தில் பாக்கியம் என்று ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்த நாற்காலியில் இருந்தபோது தெரிந்ததில்லை.

இன்று முதல் இங்கே கடைகளில் முகக்கவசமும் கட்டாயமில்லை. சுதா தன்னுடையதை வாசலில் ஆணியில் மாட்டினாள். நான் கழற்றவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இந்த நாட்டின் நல்ல குணம். மருந்துக் கடையில் அந்தக் குதிகால்களும் போய்விட்டன. தரை பளபளவென்று இருக்கிறது. ஆனாலும் பழைய இடங்களில்தான் நிற்கிறேன். பசை இருந்த இடம் செருப்புக்குக் கொஞ்சம் பிசுபிசுக்கிறது.

8

மேலே உள்ளதை நேற்று மாலை எழுதி முடித்தேன். இன்னும் ஒரு பக்கம் எழுதலாம் என்றிருந்தேன். அது தேவைப்படவில்லை.

இன்று காலை எட்டரைக்குச் செல்வியின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. ஞாயிறு அல்ல. திறக்கக் கை வரவில்லை. சுதா வேலைக்குப் போய்விட்டாள். மாயா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "தாத்தா, பாருங்க" என்று அவளே விரலால் தட்டினாள்.

ஒரு தடுப்பூசி அட்டை. மடங்கியது, ஒரு மூலையில் ஈரம். பெயர், வயது, டிவிசன். முதலாம் ஊசி என்ற கட்டத்தில் ஒரு முத்திரை, முத்திரைக்கு மேல் யாருடையதோ கையெழுத்து. இரண்டாம் கட்டம் காலி. அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. மாயா அதையும் தட்டினாள். காற்றுச் சத்தம், ஒரு கோழி, பிறகு ஏழு மாதமாகக் கேட்காத குரல்.

"அண்ணே. கடதாசி கெடச்சிச்சி. கணக்கப்புள்ள பெரட்டுல பேரு கூப்புட்டாராம், செல்விதான் வாங்கியாந்திச்சி. மூணு கெழம வச்சிருந்தேன்." மறுபடி கோழி. "இன்னைக்கிக் கீழ போட்டாங்க. டீசல் இல்லன்னு வாரத்துல ஒரு நாளைக்கித்தான் வண்டி எடுக்கிறாங்க. இன்னைக்கி லொறி இருந்திச்சி. அது வேணாம்னா நடந்து போகலாம்னு செல்வி சொல்லிச்சி. நான் லொறியிலதாண்ணே போனேன். அவரப் படுக்க வச்ச பக்கம் ஒக்காந்துக்கிட்டேன். கை வலிக்கிது. ரெண்டாவது எப்பன்னு இதுல எழுதியிருக்கா, பாத்துச் சொல்லுங்க."

எழுதியிருக்கவில்லை. அந்தக் கட்டத்தை யாரோ நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். விசாரித்துச் சொல்ல வேண்டும். படத்தைப் பெரிதாக்கி முத்திரையை மறுபடி வாசித்தேன். மை கொஞ்சம் கலைந்திருந்தாலும் இன்றைய தேதி தெளிவாக இருந்தது: மார்ச் 22, செவ்வாய்க்கிழமை.